பறவைப் பெட்டிக்குக் கீழே பேசியது

அந்த வீட்டில் யாராவது யாரிடமாவது தனியாக ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் செருப்பை மாட்டிக்கொண்டு பூங்காவுக்குத்தான் போக வேண்டும். வீடு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, துணி உலர்த்த ஒரு கம்பி. அறையில் பாதியைத் தையல் மெஷின் அடைத்துக்கொண்டிருந்தது, மீதியை மாமனாரின் கட்டில். தெருவே தையலக்கா என்று கூப்பிடும் அந்த வீட்டு அம்மாள் இரண்டுக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் நடப்பாள். மாமனாருக்குக் காது மந்தம் என்று பேர். பேர்தான். "சாப்பிட வாங்க மாமா" என்று மூன்று தரம் கத்தினாலும் திரும்ப மாட்டார். சமையல் மூலையில் நின்று அவரைப் பற்றி லேசாக முணுமுணுத்தால் போதும், "என்னம்மா சொன்னே?" என்று கட்டிலிலிருந்து குரல் வரும்.

கல்யாணமான புதிதிலேயே டிரைவர் இதற்கு ஒரு வழி செய்துவிட்டார். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர், சந்து தெரிந்தால் வண்டியைத் திருப்பிவிடுகிற ஆள். "காத்து வாங்கிட்டு வரலாமா?" என்று கேட்டாரானால் சொல்ல ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். மகள் வயிற்றில் இருக்கிறாள் என்ற சேதியைத் தையலக்கா அங்கேதான் சொன்னாள். கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்பதிலிருந்து மகளை என்ன படிக்க வைப்பது என்பது வரை அங்கேதான் முடிவானது. சண்டைகளும் அங்கேதான். வேண்டிய மட்டும் கத்தித் தீர்த்துவிட்டு இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாக வீடு திரும்புவார்கள். "காத்து எப்படி?" என்று மாமனார் கேட்பார். "ஒரே புழுக்கம்" என்பாள் இவள்.

ஆனால் பூங்காவிலும் வரவர இடம் கிடைக்காமல் போனது. நடைப்பயிற்சிக்காரர்கள், பந்து விளையாடும் பிள்ளைகள், ஒரே பெஞ்சில் நான்கு பேராக உட்கார்ந்து ஊர்வம்பு பேசும் பெரியவர்கள். அப்போதுதான் குளத்தோரம் இருந்த பெஞ்சு காலியாகவே கிடப்பதைத் தையலக்கா பார்த்தாள். மேலே மரக்கிளையில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பச்சைப் பெட்டி. பெஞ்சிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பலகை. நாளெல்லாம் மெஷின் மிதித்த கால், வந்ததும் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"அது என்ன போர்டுன்னு போய்ப் பாருங்க. உக்காரலாமா கூடாதான்னு."

டிரைவர் பலகைக்குக் கிட்டே போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். "அமைதி. பறவை ஆய்வு நடக்கிறதுன்னு போட்டிருக்கான். சத்தம் போடாம இருந்தா சரி."

"கீழே ஏதோ இன்னும் எழுதியிருக்கே?"

"பூப் பறிக்காதே, குப்பை போடாதே. எல்லா எடத்துலயும் எழுதுறதுதானே."

பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். அடியில் ஒரு சின்ன ஓட்டை. "குருவிக்கு வீடு கட்டிக் குடுத்திருக்காங்களா? இந்த ஓட்டைல எந்தக் குருவி நுழையும்? நம்ம வீட்டை விட மோசமா இருக்கே."

அமைதி என்று பலகை வைத்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. அதனாலேயே அது அவர்களுடைய இடமாயிற்று. பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்று சொல்லி வைத்த பெரியவர்கள், மேலே பார்த்துப் பேசு என்று சொல்லி வைக்கவில்லை. சத்தம் போடக் கூடாது என்று பலகை சொன்னதால், பேசியதையெல்லாம் தணிந்த குரலில், தலையோடு தலை சேர்த்து, அந்தப் பெட்டிக்கு நேர் கீழே உட்கார்ந்து பேசினார்கள்.

பள்ளிக்கூடம் திறந்த புதிது. ஒரு கடைக்காரர் சீருடைச் சட்டைகளை மூட்டை மூட்டையாக வெட்டி அனுப்புவார். கை, காலர், பை எல்லாம் பிரித்துப் பிரித்துக் கட்டியிருக்கும். பை வைப்பதுதான் தையலக்காவின் கைவேலை. இடது மார்பில், கோடு பிசகாமல், மூலை மடங்காமல் வைக்க வேண்டும். பிசகினால் கடைக்காரர் மூட்டையோடு திருப்பி அனுப்பிவிடுவார். அன்று மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. மின்விசிறியைப் போட்டால் துணி பறக்கிறது, நிறுத்தினால் ஆள் வேகிறது. மாமனார் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மகள் தரையில் சப்பணமிட்டு, காதில் ஹெட்போனும் மடியில் லேப்டாப்புமாக அவளுடைய பறவை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லூரியில் படித்துக்கொண்டே அவள் பார்த்த பகுதி நேர வேலை அது. எங்கேயோ பதிவு செய்த சத்தங்கள் துண்டு துண்டாக வரும். ஒவ்வொன்றையும் கேட்டு, இது பறவை, இது காற்று, இது வண்டி, இது மனிதக் குரல் என்று குறிக்க வேண்டும். எங்கே பதிவானது என்று சொல்ல மாட்டார்கள். ஏதோ காட்டில் என்றுதான் தையலக்கா நினைத்திருந்தாள். காட்டில் இத்தனை மனிதக் குரல் எப்படி வந்தது என்று அவள் யோசித்ததில்லை. சாப்பிடும்போது மகள் சில குரல்களை நடித்துக் காட்டுவாள். மேனேஜரைத் திட்டியபடி நடந்து போனவர், போனில் யாருக்கோ பாட்டுப் பாடிய பெண், குறட்டை விட்ட ஆசாமி. முந்தின வாரம் அந்த மேனேஜர் கதையைக் கேட்டுச் சிரித்ததில் தையலக்காவுக்குச் சோறு புரையேறியது. டிரைவர் தலையில் தட்டிவிட்டார். மாமனார்கூடச் சிரித்தார், காது கேட்காமலே.

மகள் திடீரென்று ஹெட்போனைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

"என்னடி? ஷாக்கடிச்சுதா?"

மகளின் முகம் வெளுத்துப் பேயறைந்த மாதிரி இருந்தது. பிறகு குனிந்து ஹெட்போனை எடுத்து, அம்மாவின் தலையில் மாட்டிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினாள்.

முதலில் இலைச் சலசலப்பு. பிறகு ஒரு பெண் குரல், பள்ளிக்கூட டீச்சர் மாதிரி. "மூணாவது வரி சொல்லுங்க."

"ட... ப... ம..." ஆண் குரல்.

"அப்புறம்?"

"ர."

"ஒரு ர வா, ரெண்டு ர வா?"

"ஒண்ணு."

"போச்சு. ரெண்டு. டிப்போ டாக்டர் குச்சியை நடுவுல வெச்சுக் கேட்டா என்ன பண்ணுவீங்க?"

"அந்த ஆளு போனைப் பாத்துக்கிட்டே கேப்பாருடி."

டீச்சர் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் அது தன் குரல் என்று தையலக்காவுக்குப் புரிந்தது. தூக்கி வாரிப் போட்டது. சட்டைப் பை கையிலிருந்து நழுவி விழுந்தது. காதுக்குள் அவளே தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"வலது கண்ணு இன்னிக்கு எப்படி இருக்கு?"

"நடுவுல ஒரு எண்ணெய்க் கறை. ஓரத்துல தெரியுது."

"இடது?"

"இடது தங்கமா இருக்கு. அதை நம்பித்தானே ஓட்டுறேன்."

"ஜனங்களை ஏத்திக்கிட்டுப் போறீங்க. எனக்குப் பயமா இருக்குங்க."

"வருஷக் கடைசி வரைக்கும்தான்டி. நடுவுல நின்னா பென்ஷன் கிடையாது. பதினேழாம் நம்பர் ரூட்டு எனக்கு மனப்பாடம். கண்ணைக் கட்டி விட்டாலும் ஓட்டுவேன்."

கடைசியில் ஏதோ ஒரு பறவை நிம்மதியாகக் கூவியது. அதற்காகத்தான் இத்தனையும்.

மகள் கட்டிலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். வழக்கம் விடவில்லை. "காத்து வாங்கிட்டு வரலாமாம்மா?"

"ஐயோ, அங்க வேண்டாம்!" என்று கத்திவிட்டாள் தையலக்கா.

"எங்க வேண்டாம்?" என்றார் மாமனார், கண்ணைத் திறக்காமலே.

கடைசியில் மாடிப்படியில் போய் உட்கார்ந்தார்கள். மேல் வீட்டுக்காரி வாளியோடு இறங்கிப் போகும்வரை வாய் திறக்கவில்லை. தையலக்கா தைக்கும்போது மாட்டும் கைவிரல் உறையைக் கழற்றவும் மறந்திருந்தாள்.

"அழிச்சிடுடி. இப்பவே."

"என்னால அழிக்க முடியாதும்மா. மனிதக் குரல்னு குறிச்சா அவங்க அழிப்பாங்க. அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"அப்ப குறி. எதுக்குப் பாத்துக்கிட்டு இருக்கே?"

"குறிச்சாலும்... ஒரு துண்டு மூணு பேருக்குப் போகும்மா. மூணு பேரும் ஒரே மாதிரி குறிச்சாத்தான் எடுத்துப்பாங்க."

"மூணு பேருன்னா?"

"நானும் இன்னும் ரெண்டு பேரும். யாருன்னு தெரியாது."

தையலக்கா பேருந்தையோ டிப்போவையோ நினைக்கவில்லை. ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு பெண் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "மூணாவது வரி சொல்லுங்க" என்று தன்னை மாதிரி நடித்துக் காட்டுவதையும், அந்த வீட்டார் புரையேறச் சிரிப்பதையும் நினைத்தாள். அவமானத்தில் காதெல்லாம் சுட்டது.

"பாவிங்க. புருஷன் பொண்டாட்டி பேசறதை ஒளிஞ்சு கேக்க ஒரு படிப்பு, அதுக்கு ஒரு மெஷினு."

"நானும்தானேம்மா கேட்டேன். நீயும்தானே சிரிச்சே."

மகளே தொடர்ந்து கேட்டாள், "அப்பாவுக்குக் கண்ணு தெரியாதா?"

"வலது கண்ணுதான். இடது நல்லா இருக்கு."

"யார் சொன்னா?"

"அவர்தான் சொன்னார்."

"டாக்டர் சொல்லலையா?"

"டாக்டர்கிட்ட போனா டிப்போவுக்குத் தெரிஞ்சுடாதா?"

"நீ அந்தக் கண் டெஸ்ட் அட்டையை மனப்பாடம் பண்ண வெச்சிருக்கேம்மா. எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்குடுத்த மாதிரி. என் ஃப்ரெண்ட்ஸ் பாதிப் பேர் அந்த பஸ்லதான் வராங்க. நானே போன வாரம் அதுலதான் வந்தேன். உனக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னை அனுப்பினே."

மகள் அழுதாள். தையலக்கா அவளைத் தொடப் போனாள், அவள் கையைத் தள்ளிவிட்டாள். இந்தப் பெண் பிறந்த நாளிலிருந்து ஒரு தரமும் அப்படித் தள்ளியதில்லை.

அன்று இரவு டிரைவர் வந்து, முட்டையும் சோறும் சாப்பிட்டு, "ஏன் எல்லாரும் உம்முனு இருக்கீங்க?" என்று கேட்டார். "வெயில்" என்றாள் தையலக்கா. அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "காத்து வாங்கிட்டு..." என்று ஆரம்பித்தார். "தலைவலி" என்று அவள் பாயை விரித்துவிட்டாள்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போன பிறகு தாயும் மகளும் பூங்காவுக்குப் போனார்கள். மண்வெட்டியும் தண்ணீர்க் குழாயும் போட்டு வைக்கிற அறையில் பாதியைத் தடுத்து ஆய்வுக்காரர்கள் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். அங்கே இருந்த பெண் நல்ல மாதிரி. எழுந்து நின்று நாற்காலி போட்டாள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் முகத்திலும் ஈயாடவில்லை.

"ரொம்ப மன்னிச்சுக்குங்க. இப்படி ஆகும்னு நாங்க நினைக்கவே இல்லை. ஒருத்தரோட வீட்டு ஆளே அதைக் கேப்பாங்கன்னு..."

"வீட்டு ஆள் கேட்டதை விடும்மா. மத்த ரெண்டு பேர் யாரு?"

"அது எங்களுக்கே தெரியாதுங்க. பேர் எதுவும் வெச்சுக்கறதில்லை. உங்க பாதுகாப்புக்காகத்தான் அப்படிப் பண்ணியிருக்கோம்."

"என் பாதுகாப்புக்கா?" தையலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்கு முந்தி வருகிற சிரிப்பு. "கதவைத் திறந்து போட்டுட்டு, வந்தவன் யாருன்னு பாக்கலை, அது உங்க நல்லதுக்குன்னு சொல்ற மாதிரி இருக்கே."

"பேச்சைக் கண்டிப்பா அழிச்சுடுவோம்மா. எங்களுக்குப் பறவை மட்டும்தான் வேணும்."

"அழிக்கறதுக்கு முன்னால ஒருத்தர் கேக்கணுமில்ல? அந்த ஒருத்தர் காதை யார் அழிப்பா? பெட்டியைத் தொங்க விட்டீங்களே, இதுல பேச்சு பதியும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அந்தப் பெண் தயங்கினாள். "போர்டுல போட்டிருக்கோமே. பெஞ்சுகிட்டயே."

"அமைதின்னு போட்டிருக்கீங்க. பறவை ஆய்வுன்னு போட்டிருக்கீங்க."

"கீழேயும் போட்டிருக்கோம்மா."

தையலக்கா எழுந்து விறுவிறுவென்று குளத்தோரம் போனாள். சண்டை போடுகிற வேகத்தில்தான் போனாள். பொடி எழுத்தில் எழுதி ஏமாற்றினீர்களா என்று கேட்கத்தான் போனாள். பலகைக்கு முன்னால் நின்றாள். மேலே பெரிய எழுத்தில் அமைதி. அடுத்து, பறவை ஆய்வு நடக்கிறது. அதற்குக் கீழே: 'இங்கே ஒலிகள் பதிவு செய்யப்படுகின்றன. உங்கள் பேச்சும் பதிவாகலாம்.'

பொடி எழுத்து இல்லை. ஒவ்வொரு எழுத்தும் அவள் தைக்கிற சட்டையின் பொத்தான் அளவுக்கு இருந்தது. கிட்டே இருப்பதைப் படிக்க அவளுக்குக் கண்ணாடி வேண்டும், அது பைக்குள் இருந்தது. கண்ணாடி இல்லாமலே படித்துவிட்டாள்.

அவர் நின்ற இடத்தில்தான் இப்போது அவள் நிற்கிறாள். இங்கே நின்றுதான் அவர் பூப் பறிக்காதே, குப்பை போடாதே என்று சொன்னார். இடது கண் தங்கமாக இருக்கிறது என்று சொல்கிற மனிதர்.

"அம்மா?" மகள் பின்னால் வந்து நின்றாள். "என்னம்மா? போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. நீ காலேஜுக்குப் போ."

"நீ எங்க போறே?"

"பஸ் ஸ்டாப்புக்கு."

பதினேழாம் நம்பர் வர வெகு நேரமாகவில்லை, ஆனால் நிழலில்லாத நிறுத்தத்தில் அவளுக்கு யுகமாக இருந்தது. வண்டி சரியாக நிறுத்தக் கோட்டை ஒட்டி வந்து நின்றது. அதைப் பார்த்ததும் ஒரு கணம் நெஞ்சு இளகியது. கண் தெரியாதவர் இப்படி நிறுத்துவாரா? பின்வாசல் வழியாக ஏறினாள். கூட்டம் அதிகமில்லை. கண்டக்டர் முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, அங்கிருந்தே டிக்கெட் கொடுத்தார். ஆட்கள்தான் அவரிடம் போய் வாங்கி வந்தார்கள். வண்டி கிளம்பியதும் அவர் பேச ஆரம்பித்தார்.

"முன்னால ஒரு லாரி நிக்குதுண்ணே, பட்டப்பகல்ல நடு ரோட்டுல கல்யாண மாப்பிள்ளை மாதிரி. வலது பக்கம் ஃப்ரீண்ணே. இந்தப் பக்கம் ஒரு சைக்கிள், வெள்ளைச் சட்டை, ஆடி ஆடிப் போறான். போயிட்டான். சிக்னல்ண்ணே. சிவப்பு."

"சிவப்பு" என்றார் டிரைவர்.

"பச்சை."

"பச்சை."

தையலக்காவுக்குப் பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "இந்தக் கண்டக்டர் வண்டில ஏறினா டிக்கெட்டுக்குக் கமெண்ட்ரி இனாம். வாய் மூடவே மாட்டான்."

ஒருவர் சொல்வதும் ஒருவர் திருப்பிச் சொல்வதும் என்ன என்று அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? மூன்றாவது வரி, நான்காவது வரி என்று அவளே நடத்திய பாடம் இல்லையா? பெஞ்சில் ஒரு பொய்யை அவளும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து தைத்தார்கள் என்று நினைத்திருந்தாள். அவருக்குள் இன்னொரு பொய் இருந்திருக்கிறது, அதற்கு வேறொரு வாத்தியாரும் இருந்திருக்கிறார். வண்டி முழுக்க ஜனங்கள் ஜன்னலில் சாய்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நம்பிக்கையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூட நிறுத்தத்தில் வண்டி நின்றது. ஒரு வயதானவர் பின்வாசலில் ஏற முடியாமல் திண்டாடினார். கண்டக்டர் ஓடிப் போய் அவர் பையை வாங்கிக் கையைப் பிடித்தார். வண்டிக்கு முன்னால் பிள்ளைகள் ஓரிருவராகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

"போலாமா?" என்றார் டிரைவர்.

கண்டக்டர் பின்னால் பெரியவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காதில் விழவில்லை.

"டேய், போலாமா? முன்னால காலியா?"

காலியாக இல்லை. ஒரு சின்னப் பெண் நடுவில் நின்று, கீழே விழுந்த தண்ணீர் பாட்டிலைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள். பெரிய கண்ணாடிக்கு நேர் முன்னால், வெயிலில், பளிச்சென்று. டிரைவர் அந்தத் திசையில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை கியரில் இருந்தது.

தையலக்கா எப்படி எழுந்தாள், எப்படி நடந்தாள் என்று பின்னால் யார் கேட்டும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்னால் போய் அவருடைய இருக்கைக்குப் பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை நீட்டினால் தோளைத் தொடலாம். அரவம் கேட்டு அவர் திரும்பினார். திரும்பி அவள் முகத்தை நேராகப் பார்த்தார். விடிந்து எழுந்தால் பார்க்கிற முகம். அவர் முகத்தில் அப்போது ஒரு சிரிப்பு இருந்தது, தெரியாதவர்களுக்கென்று வைத்திருக்கிற மரியாதையான சிரிப்பு.

"இங்க நிக்கக் கூடாதும்மா. கொஞ்சம் உள்ள தள்ளிப் போங்க" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். அவர் இன்னும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், போவதற்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டு.

"என்னங்க" என்றாள்.

அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. கொஞ்ச நேரத்துக்கு அவருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. கழுத்தைச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் அவளைத் தேடினார்.

"நீயா?" என்றார். "நீயாடி?"

"முன்னால ஒரு கொழந்தை நிக்குதுங்க."

பின்னால் ஏதோ வண்டி ஹார்ன் அடித்தது. கண்டக்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "போலாம்ண்ணே, காலியாயிடுச்சு, ரைட்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அவளைப் பார்த்து, "அண்ணி..." என்று நின்றுவிட்டார்.

டிரைவர் கியரிலிருந்து கையை எடுத்தார். சாவி இருக்கும் இடம் அவருக்குப் பழக்கம், தடவாமலே திருப்பினார். இஞ்சின் நின்றதும் வண்டிக்குள் அப்படி ஒரு நிசப்தம். தூங்கியவர்கள் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள்.

"என்ன டிரைவர், போகலையா?" என்று யாரோ கேட்டார்கள்.

அவர் திரும்பவில்லை. தையலக்காவின் கை எங்கே என்று காற்றில் துழாவி, கிடைத்ததும் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் இறங்கிக்குங்க" என்றார். "எனக்குக் கண்ணு தெரியலை."